பிழையின் சுமை யாருக்கு? வெள்ளிமலையிலிருந்து பார்க்கும் இணையக் கொள்கை விவாதங்கள்

இந்தியாவில் இணையத்தை முன்வைத்து நடந்த பெரிய கொள்கைச் சண்டை எதை எடுத்தாலும், அதில் கிராமத்து ஏழை ஒருவர் சாட்சிக்கு அழைக்கப்பட்டிருப்பார். 2015இல் இலவச இணையம் வேண்டும் என்றவர்கள் அவர் பேரைச் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்களும் அவர் பேரைத்தான் சொன்னார்கள். ஆதார் வந்தபோதும், ரேஷன் கடைக்குக் கைரேகைக் கருவி வந்தபோதும், நூறு நாள் வேலைக்குச் செயலி வந்தபோதும் அதே கதை. வாதிடுவோர் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். யாருக்காக வாதம் நடக்கிறதோ அவர் இருக்கும் இடத்திலிருந்து இந்த வழக்குகளை வரிசையாகப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அதற்கு வெள்ளிமலை பொருத்தமான இடம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலையேறினால் கரியாலூர். அதற்கும் அப்பால் வெள்ளிமலை. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். மலையாளிப் பழங்குடியினரே இங்குப் பெரும்பான்மை. மரவள்ளியும் சாமையும் தினையும் விளையும் பூமி. விளைச்சல் போதாத மாதங்களில் கேரளத்துக்கும் குடகுக்கும் கூலிக்குப் போகிற சனம். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழியும்வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கிய பிறகு, கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி என்று நீளும் இந்த மலையின் பழைய குறைகளோடு, ‘டவர் கிடைக்கல’ என்ற புதுக்குறையும் சேர்ந்திருக்கிறது.

அரசு இந்த மலைக்கு எதையும் தாமதமாகத்தான் கொண்டுவந்திருக்கிறது. இணைய விஷயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. சாலை போடாத ஊரில் யாரும் சுங்கம் வசூலிப்பதில்லை; சிக்னல் வராத ஊரிலோ சிக்னல் வழியாக வருகைப்பதிவு கேட்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு விவாதத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: கருவி பிழைத்தால் நட்டம் யாருக்கு?

இலவச இணையம்: வெற்றியும் மிச்சமும்

2015 பிப்ரவரி 10 அன்று ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து ‘இன்டர்நெட்.ஆர்க்’ சேவையை ஆறு மாநிலங்களில் தொடங்கின. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. சேவை தமிழிலும் கிடைத்தது. முப்பத்துச் சொச்சம் தளங்களை டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம், மற்றதெல்லாம் காசுக்கு. செப்டம்பரில் அதற்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள்.

ஆதரித்தவர்களின் வாதம் எளிமையானது: ஒன்றுமே இல்லாதவருக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டும். மகாராஷ்டிரத்து விவசாயி ஒருவர் வானிலையும் விலை நிலவரமும் பார்த்துப் பயனடைந்ததாக மார்க் ஸக்கர்பெர்க் அந்த ஆண்டு டிசம்பரில் நாளிதழ்க் கட்டுரையில் எழுதினார். எதிர்த்தவர்களின் வாதத்துக்கு ஆழம் அதிகம்: எந்தத் தளம் இலவசம் என்று ஒரு நிறுவனம் தீர்மானித்தால், ஏழைக்குத் தெரியும் உலகத்தின் எல்லையையும் அந்த நிறுவனமே வரைந்துவிடும், அந்தப் பட்டியலில் இடம்பெறாத புதிய தமிழ்த் தளம் எழுந்து நிற்கவே முடியாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச் 27 அன்று வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்கு எதிராகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ‘ஏர்டெல் ஸீரோ’ என்ற இதே வகைத் திட்டத்திலிருந்து ஃப்ளிப்கார்ட் ஏப்ரலில் விலகிக்கொண்டது. ஆண்டு இறுதியில் நடந்த இரண்டாம் கலந்தாய்வுக்கு ஏறக்குறைய 24 லட்சம் கருத்துகள் வந்தன. பெரும்பகுதி ஃபேஸ்புக் எழுதிக்கொடுத்த அச்சு வாசகம். கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதிலே இல்லை என்று டிராய் குறைகூறியது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறுபடும் டேட்டா கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் அபராதம்.

தடை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரு தரப்பும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தன: கையில் உள்ள கைப்பேசிக்குச் சிக்னல் வருகிறது என்பதை. ஃப்ரீ பேசிக்ஸ் புதிய கோபுரம் நட வந்த திட்டமல்ல. இருக்கிற கோபுரத்தின் மேல் ஏறி நின்ற சலுகை. கோபுரம் எட்டாத சிற்றூருக்கு அது வந்தும் பயனில்லை, போயும் நட்டமில்லை.

அந்தச் சண்டையின் நடுவே, ஆதார் ஆணையத்தின் முதல் தலைவரான நந்தன் நிலேகணி வேறொரு யோசனை சொன்னார்: தளங்களை இலவசமாக்காதீர்கள், மக்களுக்கு டேட்டாவை நேரடியாகக் கொடுங்கள். 2016 டிசம்பரில் டிராயும் கிராமத்துச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்பி இலவச டேட்டா தரலாம் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. அதைக் கேட்டு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் பறக்கவும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது. அதுவும் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தவர்களுக்கு. எல்லைக்கு வெளியே இருந்தவரின் பிரச்சினை விலை சரிந்ததாலும் தீரவில்லை, கொள்கை வென்றதாலும் தீரவில்லை.

கம்பியை மலையேற்றுவது யார்?

எட்டாத ஊருக்கு இணைப்பைக் கொண்டுசேர்க்கப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. அனைவருக்கும் சேவை என்ற கடமைக்கான நிதி 2002 முதல் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சீரமைக்கப்பட்ட வருவாயில் 5 விழுக்காடு அதற்குச் செல்கிறது. கைப்பேசிக்குக் கட்டணம் கட்டும் ஒவ்வொருவரும் அறியாமலே அதில் பங்களிக்கிறார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அதன் பெயர் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ ஆனது.

செலவழிப்பதில்தான் சிக்கல். நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இழுக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அது பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க 2018இல் டான்ஃபிநெட் என்ற மாநில நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் ஒப்பந்தப்புள்ளியில் போட்டியை நெரிக்கும் நிபந்தனைகள் இருப்பதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் மத்திய அரசின் துறை தலையிட, அந்த ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. புகார் நியாயமானது, ஆனால் தாமதத்தின் விலையை ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டுதான் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. மலையூர்ப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறிய செய்திகள் மாநிலத்தின் பல மலைப்பகுதிகளிலிருந்தும் வந்தன.

கம்பி வந்தாலும் அது ஊராட்சி அலுவலகம் வரைதான். சமவெளியில் ஊராட்சி என்றால் கூப்பிடு தூரத்தில் இரண்டு மூன்று ஊர்கள். மலையில் ஓர் ஊராட்சி என்பது மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகச் சிதறிக்கிடக்கும் பல சிற்றூர்கள். அலுவலகக் கட்டடத்தில் பெட்டி எரிந்தால் அரசுக் கணக்கில் அந்த ஊராட்சி ‘இணைக்கப்பட்டது’. அடுத்த மடிப்பில் இருக்கும் ஊருக்கு எதுவும் மாறியிருக்காது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாயில் 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் வழியாக 4ஜி கொடுக்க ஒப்புதல் அளித்தபோது, எத்தனை ஊர்கள் விடுபட்டிருந்தன என்பதை அரசே எண்ணிச் சொன்னதாயிற்று.

காடும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மலையில் குழி தோண்ட வனத்துறை விடாது என்பார்கள். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகியவற்றோடு மின்கம்பிக்கும் தொலைத்தொடர்புக் கம்பிக்கும், கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின்கீழ் பட்டா வழங்குவதை 2008இல் உயர் நீதிமன்ற ஆணை ஒன்று கட்டிப்போட்டது. உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில்தான் அதை நீக்கியது. கிராம சபையின் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தப் பழகும் முன்பே எட்டு ஆண்டு போய்விட்டது.

கம்பியே வேண்டாம், வானத்திலிருந்து இறக்கலாம் என்பது அடுத்த வாதம். இலங்கை 2015 ஜூலையில் கூகுளின் லூன் பலூன்களுக்காக ஒப்பந்தம் போட்டது. தீவு முழுதும் இணையம் என்று பேச்சு. 2016 பிப்ரவரியில் வந்த பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்தது. அலைவரிசை ஒதுக்கீட்டில் சிக்கி அந்தத் திட்டம் நின்றது. 2021இல் லூனே மூடப்பட்டது. இந்தியாவில் 2025 ஜூனில் செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்க் உரிமம் பெற்றது. அலைவரிசையை ஏலம் விடுவதா, நிர்வாக முறையில் ஒதுக்குவதா என்பதில் பெருநிறுவனங்கள் மோதின. இரு பக்கமும் தொலைதூரக் கிராமம் மறுபடி சாட்சிக்கு வந்தது. ஏலமா ஒதுக்கீடா என்பது நிறுவனங்களின் கணக்கு. மலைக்குத் தேவையான கணக்கு, கூலிக்காரர் வீட்டுக்கு மாதம் எவ்வளவு, கெட்டுப்போனால் யார் வந்து சரிசெய்வார் என்பது.

கேரளம் இதை வேறு கோணத்தில் அணுகியது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-ஃபோன், இணையத்தை மக்களின் உரிமையாக அறிவித்து, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காக வைத்தது. இலக்குக்கும் எட்டியதற்கும் இடைவெளி உண்டு. ஆயினும் உரிமை என்று எழுதி வைத்ததால், ‘ஏன் வரவில்லை’ என்று அரசைக் கேட்க அங்கே ஒரு பிடி கிடைக்கிறது.

ரேகை விழாத விரல்

இணைப்பைக் கொடுப்பதில் நிதானம் காட்டிய அரசு, இணைப்பைக் கேட்பதில் வேகம் காட்டியது. தமிழ்நாட்டில் 2017இல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை வந்தது. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் கைரேகை முறை வந்தது. தொடங்கிய நாள்களிலேயே சர்வர் திணறி வரிசை நீண்டது.

ஆதரிப்போர் சொல்வதில் உண்மை இருக்கிறது. போலி அட்டையும் கடத்தலும் கற்பனையல்ல. குடகில் கூலிக்கு இருப்பவர் அங்கேயே அரிசி வாங்க ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வழி செய்கிறது. இடம்பெயரும் மலைக் குடும்பத்துக்கு அது சின்ன உதவியல்ல. எதிர்ப்போர் காட்டுவது விரலை. மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை; வயதானால் இன்னும் மோசம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத் தலைமைச் செயல் அதிகாரி காட்டிய கணக்கிலேயே அரசுச் சேவைகளில் 12 விழுக்காடு சரிபார்ப்புகள் தோற்றிருந்தன. செப்டம்பர் 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்தது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு, மனிதரின் அடிப்படை உரிமையைக் கருவியின் நிகழ்தகவோடு கட்டிவிட முடியாது என்ற திசையில் எழுதினார்.

இந்த விவாதத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே ரேஷன் எல்லோருக்கும் பொது; 2011 முதல் அரிசி இலவசம். வறுமைக்கோட்டைக் காட்டி ஆளைக் கழிக்கும் பழக்கம் இல்லாததால், ரேகை விழவில்லை என்றாலும் அட்டையை ஸ்கேன் செய்தோ, கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கேட்டோ, வேறு ஆளை நியமித்தோ அரிசி கொடுக்கும் வழிகள் திறந்திருந்தன. ஜார்க்கண்டில் 2017இல் ரேஷன் மறுக்கப்பட்ட சிறுமி இறந்து நாடே அதிர்ந்த பிறகுதான், சரிபார்ப்பு தோற்றது என்பதற்காக யாருக்கும் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை எழுத்தில் ஆணையிட்டது. கருவி இரண்டு மாநிலத்திலும் ஒன்றே. பிழைத்தபோது மாற்று வழி இருந்ததா என்பதே விளைவைப் பிரித்தது.

படம் ஏறினால்தான் கூலி

மாற்று வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நூறு நாள் வேலை சாட்சி. 2021 மே மாதம் என்எம்எம்எஸ் என்ற செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர, எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயம். காலையும் மதியமும் வேலையாட்களைப் படமெடுத்து, இடக்குறியோடு ஏற்ற வேண்டும். ஓராண்டு கழித்து, 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவும் கட்டாயமானது. தமிழ்நாட்டில் 2025-26க்கான நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது.

அரசின் நியாயம் இது: வராத ஆளுக்கு வருகை போட்டுக் கூலி எடுப்பது தாளில் எளிது, படத்தில் கடினம். சிக்னல் இல்லாத இடத்திலும் படமெடுத்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் ஏற்றலாம் என்றும் அமைச்சகம் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. மலையில் அதன் பொருள், பணித்தளப் பொறுப்பாளர் நாளும் கைப்பேசியோடு மேடேறிச் சிக்னல் தேட வேண்டும் என்பதே. கைப்பேசி அவருடையது, டேட்டா செலவு அவருடையது. இந்தப் பொறுப்பில் தமிழ்நாட்டில் பெண்கள் நிறைய. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் ஏறக்குறைய 47 விழுக்காடு, ஆண்களில் 70. படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் வெட்டிய அத்தனை பேருக்கும் அன்றைய கூலி கேள்விக்குறி. செயலியைச் செய்தவருக்கும், சர்வரை நடத்துபவருக்கும், சிக்னல் தராத நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இதை எதிர்த்து 2023இல் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் போராட்டம் அறிவித்து உட்கார்ந்தார்கள்.

திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றியவை, ஒரே படம் பல வருகைப் பட்டியல்களில், பட்டியலிலும் படத்திலும் ஆண் பெண் எண்ணிக்கை பொருந்தாதவை என்று முறைகேடுகளை வரிசைப்படுத்தி, ஏறிய படங்களை ஊராட்சி அளவில் ஆட்களே சரிபார்க்கும்படி சொன்னது. ஆக, திருடத் தெரிந்தவர் செயலியைச் சுற்றிப் போய்விட்டார். நேர்மையாக உழைத்தவர் சிக்னலுக்காகக் காத்திருந்தார். கடைசியில் சரிபார்க்க மனிதர்தான் வேண்டும் என்றால், அந்த மனிதர் கிராம சபையிலும் சமூகத் தணிக்கையிலும் முன்பே இருந்தார்.

வதந்தி, துண்டிப்பு, பின்தொடர்தல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இந்த விவாதத்தின் இன்னொரு முகமும் தெரியும். 2022 ஜூலையில் கனியாமூர்த் தனியார் பள்ளி மாணவி இறந்ததைத் தொடர்ந்து, வாட்ஸ்அப் குழுக்கள் வழியே திரண்ட கூட்டம் 17ஆம் தேதி பள்ளிக்குள் புகுந்து வாகனங்களுக்குத் தீ வைத்தது. யூடியூப் அலைவரிசைகள் தாங்களே விசாரணை நடத்தித் தீர்ப்பும் சொல்லின. தளங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரல் ஓங்கியது.

கட்டுப்படுத்த அரசுக்குத் தெரிந்த குறுக்குவழி துண்டிப்பு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் காலவரையற்ற துண்டிப்பு கூடாது, ஆணையை வெளியிட வேண்டும் என்றது. இன்னொரு வழி, முதலில் அனுப்பியவரைத் தேடிப் பிடிப்பது. சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அந்தப் பக்கம் திரும்பியது. வாட்ஸ்அப்பின் மறைகுறியாக்கத்தைக் கெடுக்காமலே மூலத்தைக் கண்டறியலாம் என்றார் ஐஐடி மெட்ராஸின் வீ. காமகோடி, அது நம்பத்தக்கதாகவும் இராது, அந்தரங்கத்தையும் கெடுக்கும் என்றார் ஐஐடி பம்பாயின் மனோஜ் பிரபாகரன். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதி காமகோடியின் பக்கம் சாய்ந்தது. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இதில் மலைக்கு என்ன? துண்டிப்பு ஆணை எழுத்தில் வந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். ஒருபோதும் இணைக்கப்படாத ஊருக்கு எதிர்க்க ஓர் ஆணைகூட இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்றது. உச்ச நீதிமன்றம் நான்கு மாதம் கழித்து, இணையம் வழியான பேச்சையும் தொழிலையும் காத்ததே தவிர, இணையம் பெறும் உரிமை உண்டா என்ற கேள்விக்குள் போகவில்லை. நமது சட்ட விவாதம் இருப்பதைப் பறிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறது. இல்லாததைத் தருவதைப் பற்றிக் கொஞ்சம்தான்.

மலைக்குக் கிடைத்தது

இதையெல்லாம் வைத்து, தொழில்நுட்பமே மலைக்கு வேண்டாத விருந்தாளி என்று முடிவு கட்டினால் அது வேறு வகை அநியாயம். தமிழ்நாட்டில் 1989 முதல் பழங்குடிச் சான்று தருவது கோட்டாட்சியர் பொறுப்பு. மலையாளிக் குடும்பத்துப் பிள்ளையின் படிப்பும் வேலையும் அந்த ஒரு தாளில் தொங்குகின்றன. அதற்காக மலையிறங்கி அலுவலக வாசலில் கூலி இழந்து நின்ற காலத்தோடு பார்த்தால், இ-சேவை மையத்தில் மனு போட்டு, அது எந்த மேசையில் நிற்கிறது என்று கைப்பேசியில் பார்ப்பது பெரிய விடுதலை. வெளியூரில் வேலை செய்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தரகர் வேண்டியதில்லை. மரவள்ளிக்கு ஆத்தூரிலும் சேலத்திலும் என்ன விலை என்று கேட்டுவிட்டு வியாபாரியிடம் பேசலாம். இவற்றில் கருவி பிழைத்தால் நாளை மறுபடி முயலலாம். வயிறும் கூலியும் அன்றே அடிபடுவதில்லை. மலை மக்கள் விரும்பி எடுத்துக்கொண்டவை இவை. அவர்களை வாட்டியவை மேலிருந்து கட்டாயமாக இறங்கியவை.

தீர்ப்பு

பத்தாண்டு விவாதங்களைச் சேர்த்துப் பார்த்தால், தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற அச்சில் அவை சுழன்றதுதான் குறை என்று தோன்றுகிறது. ஃப்ரீ பேசிக்ஸை எதிர்த்தவர்கள் கொள்கையில் வென்றார்கள். எட்டாத ஊர் எட்டாமலே நின்றது. ஆதாரில் அரசு வென்றது. தேய்ந்த விரல் தேய்ந்தே இருந்தது. பிழையின் சுமை யாருக்கு என்று கேட்டிருந்தால் இரண்டு வெற்றியும் முழுமை பெற்றிருக்கும்.

அந்தக் கேள்வியிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. ஒன்று, இணைப்பு முன்னே, கட்டாயம் பின்னே. கூலியோ உணவோ சம்பந்தப்பட்ட எந்தச் செயலியையும், அந்தக் கடையில், அந்தப் பணித்தளத்தில் சிக்னல் இருக்கிறது என்று கிராம சபை தீர்மானம் போட்ட பிறகே கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது; புதிய அமைப்பு தேவையில்லை. இரண்டு, தாளுக்கும் திரைக்கும் சம மதிப்பு. சர்வர் படுத்தால் கையெழுத்துப் பதிவேடே சான்று. அதைப் பொய் என்று காட்டும் பொறுப்பு அலுவலகத்துக்கு. மூன்று, தோல்விக் கணக்கு வெளியே வரவேண்டும். எந்தக் கடையில் எத்தனை ரேகை விழவில்லை, எந்தத் தளத்தில் எத்தனை படம் ஏறவில்லை என்பது மாதந்தோறும் ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாம் விதி திருட்டுக்கு வாசல் திறக்கும் என்ற ஆட்சேபம் வலுவானது. தாள் காலத்தில் நடந்த மோசடிகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜூலைச் சுற்றறிக்கைக்குப் பிறகு, செயலி அந்த வாசலை மூடியது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டிலும் திருட்டு நடக்கும் என்றால், தப்பு நேரும்போது உழைத்தவர் பட்டினி கிடக்காத முறையைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். தாள் பதிவேட்டை ஊரார் கூடிப் படித்துப் பார்க்க முடியும், சர்வரை முடியாது.

வெள்ளிமலைக்காரர் இணையக் கொள்கைக்குத் தடையும் அல்லர், விளம்பரமும் அல்லர். அவர் அதன் சோதனைச் சாலை. அடுத்த செயலியோ அடுத்த செயற்கைக்கோளோ அவர் பேரைச் சொல்லி அறிவிக்கப்படும்போது, அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும்: இது வேலை செய்யாத நாளில் அவருக்குச் சேர வேண்டியது எந்த வழியில் சேரும், சேராவிட்டால் ஈடு கொடுப்பது யார். அந்த வரி இல்லாத திட்டம் எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் கட்டாயமாக்கத் தகுதியற்றது.